உலகநோக்கு வேறுபாடும் அரசியல் இணக்கமும்: ஆட்சிமொழி உடன்பாட்டின் தொடர்களை முன்வைத்து ஒரு மதிப்பீடு

அரசியலில் எதிரெதிர் நிற்போர் ஓர் இணக்கத்திற்கு வர இயலாமற்போவதற்குக் காரணம் அவர்தம் நலன்கள் முரண்படுவது மட்டுமன்று. உலகை அவர்கள் காணும் முறையே வேறுபட்டிருப்பதுதான் என்னும் கருத்து மொழியியலாரிடையே இன்று பெரிதும் வழங்கி வருகிறது. இக்கருத்துக்கு வலுவூட்டியவருள் ஜார்ஜ் லேகாஃப் முதன்மையானவர். 1980இல் மார்க் ஜான்சனுடன் இணைந்து அவர் வகுத்த உருவகக் கொள்கை, 1996இல் வெளிவந்த 'மாரல் பாலிடிக்ஸ்' என்னும் நூலில் அரசியற் சிந்தனைக்கு விரிவுபடுத்தப்பட்டது. நாட்டைக் குடும்பமாகக் காணும் உருவகமே அமெரிக்க அரசியல் வாதங்களின் அடித்தளம் என்பதும், பழமைபேணுவோர் கண்டிப்பான தந்தையின் குடும்பத்தையும் தாராளவாதிகள் பரிந்து வளர்க்கும் பெற்றோரின் குடும்பத்தையும் மனத்திற்கொண்டு சிந்திக்கின்றனர் என்பதும் அந்நூலின் சாரம். வரி, தண்டனை, சமூகநலம் எனத் தொடர்பற்றவைபோல் தோன்றும் துறைகளில் ஒருவர் எடுக்கும் நிலைப்பாடுகள் ஒரே கோவையாக அமைவது இதனால்தான் என்பார் லேகாஃப். ஒரு தரப்பின் வாதம் மறுதரப்புக்கு வாதமாகவே படுவதில்லை. எனவே இடைவழி காண்பது அரிது.

இக்கொள்கை அமெரிக்கச் சூழலில் எவ்வளவு பொருந்தும் என்பது இங்கு ஆராயப்படவில்லை. உலகநோக்கு வேறுபாட்டையே காரணமாகக் கொள்ளும் விளக்கம், மொழியையே பொருளாகக் கொண்ட ஓர் அரசியல் உடன்பாட்டை விளக்கப் போதுமா என்பதே இக்கட்டுரையின் வினா. இதற்கு இந்திய அரசியல் நிர்ணய சபை 1949 செப்டம்பர் 12 முதல் 14 வரை விவாதித்து ஏற்ற ஆட்சிமொழி உடன்பாடும், அதன் தொடர்ச்சியாக 1963, 1967ஆம் ஆண்டுகளில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களும் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. உடன்பாடு சொற்களால் ஆனது. அதன் பூசலும் சொற்களைப் பற்றியதே. ஆதலால் இச்சான்று வரலாற்றாசிரியர்க்கும் சட்ட அறிஞர்க்கும் உரியதாக இருப்பினும், மொழியியலார் விலகி நிற்பதற்கில்லை.

கொள்கையின் பயன்

உலகநோக்கு விளக்கத்தைத் தொடக்கத்திலேயே தள்ளிவிட இயலாது. அரசியல் நிர்ணய சபை கூடிய மறுநாளே, 1946 டிசம்பர் 10 அன்று, ஐக்கிய மாகாண உறுப்பினர் ஆர். வி. துலேகர் இந்துஸ்தானி அறியாதோர்க்கு இந்தியாவில் இருக்க உரிமையில்லை என்னும் கருத்துப்படப் பேசினார். 1948 நவம்பரில் சென்னை மாகாண உறுப்பினர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி, முழு இந்தியா வேண்டுமா, இந்தி இந்தியா வேண்டுமா என்பதை ஐக்கிய மாகாணத்து நண்பர்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்னும் பொருள்பட எச்சரித்தார். இவ்விரண்டு கூற்றுகளையும் அருகருகே வைத்து நோக்கினால் அவை ஒரே வினாவுக்குரிய இரு விடைகள் அல்ல என்பது புலப்படும். முன்னதில் நாடு என்பது ஏற்கெனவே உள்ள ஒன்று. மொழி அதன் அடையாளம். பின்னதில் நாடு என்பது இனி ஏற்படவேண்டிய ஓர் ஏற்பாடு. மொழி அதன் நிபந்தனைகளுள் ஒன்று. அடையாளத்தைப் பேரம் பேச முடியாது. நிபந்தனையைப் பேரம் பேசாமல் இருக்க முடியாது. ஒருவர் பேரம் பேசுவதே மற்றவருக்கு நாட்டுப்பற்றின்மையாகத் தோன்றுகிறது. ஒருவர் பேச மறுப்பதே மற்றவருக்கு ஆதிக்கமாகத் தோன்றுகிறது.

இதுவரை லேகாஃப் வழிநின்றே விளக்கலாம். ஆனால் அக்கொள்கைப்படி இவ்விரு தரப்பாரிடையே உடன்பாடு ஏற்பட்டிருக்கக் கூடாது. முந்நூறு அளவிலான திருத்தங்கள் முன்மொழியப்பட்ட நிலையிலும் 1949 செப்டம்பர் 14 அன்று அது ஏற்பட்டது. முன்ஷி - ஐயங்கார் வாய்பாடு எனப் பெயர்பெற்ற அவ்வரைவே அரசியலமைப்புச் சட்டத்தின் 343 முதல் 351 வரையிலான உறுப்புகளாக அமைந்தது. கிரான்வில் ஆஸ்டின் 1966இல் வெளியிட்ட தம் நூலில் இதை அரைமனத்து இணக்கம் என்று தலைப்பிட்டே விவரிக்கிறார். அரைமனம் என்பது உளவியல் விளக்கம். உடன்பாட்டின் வாசகத்தில் நிகழ்ந்தது என்ன என்பதை அது தொடவில்லை.

ஒரே உருவகம், இரு தாயர்

லேகாஃபின் விளக்கத்தில் முதற்குறை உருவகம் பற்றியது. எதிர்த்தரப்பினர் வெவ்வேறு குடும்ப அமைப்புகளை மனத்திற்கொள்வதால் பிணக்கு நேர்கிறது என்பது அவர் கருத்து. இந்திய மொழிப் பூசலில் இரு தரப்பினரும் கையாண்டது ஒரே உருவகம். தமிழ் தாயாகவும் தெய்வமாகவும் கன்னியாகவும் உருவகிக்கப்பட்டமையைச் சுமதி ராமசாமி 1997இல் வெளியான தம் ஆய்வில் விரிவாகக் காட்டியுள்ளார். வட இந்தியாவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாகரி எழுத்துக்காக நடைபெற்ற இயக்கத்தின் எழுத்துகளில் மொழியும் எழுத்தும் நற்குலப் பெண்ணாகவும் அரசியாகவும் சித்திரிக்கப்பட்டமையைக் கிறிஸ்டோபர் கிங் எடுத்துக்காட்டுகிறார். உருவகம் ஒன்றே, அது சுட்டும் பொருள் வேறு. தாய்க்குரிய மதிப்பு என்ன என்பதில் இரு தரப்பாரிடையே கருத்து வேறுபாடே இல்லை. உலகநோக்கு ஒன்றாக இருந்தமையாலேயே பிணக்கு கடுமையாயிற்று என்றுகூடச் சொல்ல இடமுண்டு.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. உலகநோக்கு என்பது எளிதில் மாறாதது. நிலைப்பாடு அதிலிருந்து பிறப்பது. ஆனால் இம்மொழிச் சிக்கலில் நிலைப்பாடு மாறியோர் பலர். சென்னை மாகாணப் பள்ளிகளில் 1938இல் இந்துஸ்தானியைக் கட்டாயப் பாடமாக்கிய இராஜாஜி, 1950களின் இறுதியில் இந்தி ஆட்சிமொழியாவதைக் கடுமையாக எதிர்த்தார். இதை அரசியல்வாதியின் தேவை என்று ஒதுக்குவோர் இருக்கலாம். ஆனால் சுநீதிகுமார் சட்டர்ஜியின் நிலை அவ்வாறு ஒதுக்கத்தக்கதன்று. 1942இல் வெளியான 'இந்தோ-ஆரியமும் இந்தியும்' என்னும் நூலின் ஆசிரியரான அவர், இந்தியின் பரப்பையும் இந்தியப் பொதுமொழியாகும் அதன் தகுதியையும் மொழியியல் நோக்கில் ஏற்றவர். அதன் இலக்கணத்தை எளிமையாக்கி உரோமன் எழுத்தில் எழுதலாம் என்று முன்மொழிந்தவர். 1955இல் பி. ஜி. கேர் தலைமையில் அமைந்த ஆட்சிமொழி ஆணையத்தில் உறுப்பினராக இருந்த அதே சட்டர்ஜி, 1956ஆம் ஆண்டு அறிக்கையில் ப. சுப்பராயனைப் போலவே தனியாக மறுப்புக் குறிப்பு எழுதினார். இந்தி பேசுவோர் பிறப்பாலேயே சலுகை பெறும் முதல்வகைக் குடிமக்களாகவும், ஏனையோர் நிலையான குறைபாட்டுக்கு உள்ளாகும் இரண்டாம்வகைக் குடிமக்களாகவும் ஆகிவிடுவர் என்பது அவர் அச்சம்.

இந்த இடைக்காலத்தில் சட்டர்ஜியின் உலகநோக்கு மாறியது என்பதற்குச் சான்றில்லை. இந்தியைப் பற்றிய அவர் அறிவும் குறையவில்லை. மாறியது வினா. எந்த மொழி பொதுமொழியாகத் தக்கது என்னும் வினாவுக்கு மொழியியல் விடை கூறும். அம்மொழி ஆட்சிக்கு வந்தபின் யாருக்கு என்ன நேரும் என்னும் வினா வேறு. முதல் வினாவுக்குத் தாம் அளித்த விடையை இரண்டாம் வினாவுக்கும் விடையாகப் பிறர் எடுத்துக்கொண்டதைக் கண்டபோதுதான் அவர் மறுப்பு எழுதினார் எனக் கொள்வது பொருந்தும். துறையறிஞரின் சான்று அரசியல் முடிவுக்குள் எவ்வாறு நழுவிச் செல்கிறது என்பதற்கு, மொழியியலார் தம் துறை வரலாற்றிலிருந்தே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டிய நிகழ்ச்சி இது.

எண்வடிவப் பூசல்

1949ஆம் ஆண்டு விவாதத்தைப் படிப்போரைத் திகைக்கச் செய்வது எண்வடிவம் பற்றிய பூசல். இந்தியா இந்துஸ்தானியா என்பதிலும், ஆங்கிலம் எத்துணை ஆண்டு நீடிப்பது என்பதிலும் சினம் எழுந்தது இயல்பே. ஆனால் ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய எண்களைத் தேவநாகரி வடிவில் எழுதுவதா, உலகெங்கும் வழங்கும் வடிவில் எழுதுவதா என்பதில் அவைக்குள்ளும் காங்கிரசுக் கட்சிக் கூட்டங்களிலும் செலவான நேரமும் சூடும் சிறிதல்ல. புருஷோத்தம தாஸ் தாண்டன் தேவநாகரி எண்களுக்காக இறுதிவரை வாதாடினார். எண்வடிவத்திற்குத் தாய் உருவகம் இல்லை. அதற்குக் காவியமும் இல்லை. உலகநோக்கைக் கொண்டு இதை விளக்குவது கடினம்.

இதற்குச் சசூரின் மதிப்புக் கொள்கையே பொருத்தமான விளக்கம் தருகிறது. சதுரங்கக் காயின் மதிப்பு அது செய்யப்பட்ட மரத்தால் அமைவதன்று. ஆட்டத்தில் அது நிற்கும் இடத்தால் அமைவது. இந்தியையும் தேவநாகரி எழுத்தையும் தென்னக உறுப்பினர்கள் விட்டுக்கொடுத்தபின் எஞ்சி நின்ற காய் எண்வடிவம். அதையும் கேட்பது, தாங்கள் விட்டுக்கொடுத்ததை எதிர்த்தரப்பினர் விட்டுக்கொடுத்ததாகவே கருதவில்லை என்பதற்கு அடையாளமாக அவர்களுக்குப் பட்டது. எதிர்த்தரப்பினருக்கோ, மொழியை ஏற்றவர் எண்ணை மறுப்பது மொழியை ஏற்றதையே ஐயத்துக்குரியதாக்கிற்று. வரைவை அவையில் முன்மொழிந்த ந. கோபாலசாமி ஐயங்கார், அது ஒட்டுமொத்தமாக ஏற்கவேண்டிய ஒன்று, அதன் ஒரு பகுதியைத் தனியே பிரித்து மாற்ற முற்படலாகாது என்னும் கருத்தை வலியுறுத்தியது இதனால்தான். அவர் காத்தது எண்களை அன்று; பேரத்தின் கட்டுக்கோப்பை.

சென்னை மாகாணத்தவராகவும் இந்திப் பணியில் ஈடுபட்டவராகவும் விளங்கிய துர்காபாய், இந்திக்காக எழுந்த பிற்காலக் கிளர்ச்சியின் போக்குத் தமக்கு அதிர்ச்சியளிப்பதாக அதே விவாதத்தில் கூறினார். இந்தியை விரும்பிக் கற்பித்தவரே அவ்வாறு கூறநேர்ந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த டி. ஏ. இராமலிங்கஞ் செட்டியாருக்கு இது தென்னகத்தின் வாழ்வா சாவா என்னும் சிக்கலாகத் தோன்றியது. ஆதிவாசி மொழிகளுக்காகப் பேசிய ஜெய்பால் சிங்கின் குரலுக்கு இவ்விரு பெருந்தரப்புகளின் பேரத்தில் இடமே இருக்கவில்லை. இரு தரப்பாரின் உலகநோக்கு எனப் பேசும் கொள்கைகள் மூன்றாம் தரப்பை மறந்துவிடுவது வழக்கம்; அன்று அவையும் பெரும்பாலும் அவ்வாறே மறந்தது.

இறுதியில் எண்வடிவச் சிக்கலைத் தீர்த்தது ஒரு பெயர்த்தொடர். உறுப்பு 343இன் முதற்கூறு, ஒன்றியத்தின் அலுவல்களுக்குரிய எண்வடிவம் 'இந்திய எண்களின் சர்வதேச வடிவம்' ஆகும் என்கிறது. ஐரோப்பியர் அரபு எண்கள் என வழங்கிவந்தவை இந்தியாவில் தோன்றியவை என்பது வரலாற்று உண்மை. அவ்வுண்மையைத் தொடரின் அமைப்பிலேயே பொதிந்து வைத்ததில்தான் வரைவாளரின் திறம் இருக்கிறது. சர்வதேச வடிவம் வேண்டியவர்க்கு அது கிடைத்தது. இந்திய எண்களைக் கைவிட மறுத்தவர்க்கு, அவை கைவிடப்படவில்லை, அவற்றின் ஒரு வடிவமே ஏற்கப்பட்டது என்னும் ஆறுதல் கிடைத்தது. தொடர் சுட்டும் பொருள் ஒன்றே. எதை நிலைமொழியாகவும் எதை அடையாகவும் கொண்டு வாசிப்பது என்பதில்தான் வேறுபாடு. அதே உறுப்பின் பிற்கூறுகள் தேவநாகரி எண்களுக்கும் ஒரு வாயிலைத் திறந்தே வைத்தன.

சொல்லில் உடன்பாடு

இங்குக் கேஸ் சன்ஸ்டீன் 1995இல் முன்வைத்த கருத்து நினைக்கத்தக்கது. அடிப்படைக் கொள்கைகளில் உடன்படாதோரும் குறிப்பிட்ட ஒரு முடிவில் உடன்பட முடியும்; காரணங்களைப் பேசாமல் விடுவதே அத்தகைய உடன்பாட்டைக் காக்கும் என்பது அவர் கருத்து. உலகநோக்குக் கொள்கையின் நம்பிக்கையின்மைக்கு இது நல்ல மறுப்பு. எனினும் 1949ஆம் ஆண்டு உடன்பாடு இவ்வகையைச் சார்ந்ததன்று. சன்ஸ்டீன் கூறும் உடன்பாட்டில் முடிவு ஒன்று, காரணங்கள் பல. இங்கோ சொல் ஒன்று, எதிர்பார்த்த முடிவுகளே இரண்டு.

பதினைந்து ஆண்டு என்னும் காலவரையறையே இதற்குத் தக்க சான்று. ஆங்கிலம் பதினைந்து ஆண்டுகளுக்குத் தொடர்ந்து பயன்படுத்தப்படும் என்றது உறுப்பு 343. ஒரு தரப்பு இதை ஆங்கிலம் வெளியேறும் நாளாக வாசித்தது. மறுதரப்பு அதற்குமுன் ஆங்கிலத்தை யாரும் தொடலாகாது என்னும் காப்பாக வாசித்தது. அதன்பின் ஆங்கிலத்தின் பயன்பாட்டுக்கு நாடாளுமன்றம் சட்டத்தின்வழி வகைசெய்யலாம் என்னும் மூன்றாம் கூறு இரண்டாம் வாசிப்புக்கு இடமளித்தது. காலம் பகுக்கக்கூடிய பொருள். ஆகவே எளிதில் இணக்கம் காணலாம் என்பது பேர நூலார் கூறும் பொதுவிதி. பகுத்தது காலத்தை, பகுக்கப்படாமல் விடப்பட்டது அதன் பொருள்.

ஹன்னா லெர்னர் 2011இல் வெளியிட்ட ஒப்பாய்வில், ஆழ்ந்த பிளவுள்ள சமுதாயங்கள் அரசியலமைப்பை இயற்றும்போது தெளிவின்மையையும் ஒத்திவைப்பையும் கருவிகளாகக் கொள்வது தவறன்று, இந்தியா அதற்குச் சிறந்த சான்று என்கிறார். இதில் உண்மை உண்டு. தெளிவான வாசகத்தை வற்புறுத்தியிருந்தால் 1949 செப்டம்பரில் உடன்பாடே இருந்திராது. ஆனால் ஒத்திவைக்கப்பட்ட பொருள் எங்கே தங்குகிறது என்பதை லெர்னரின் ஆய்வு மொழிநோக்கில் வினவவில்லை. அது வாசகத்திலேயே தங்குகிறது. இலக்கண உறுப்புகளில், வேற்றுமையில், வினைமுடிபில், எழுவாய் இன்மையில் தங்குகிறது. வாசிப்போர் கையில் அகப்படும் நாளில் அது வெளிப்படுகிறது.

துணைவினையும் எழுவாயும்

அவ்வாறு வெளிப்பட்டது 1963இல். அதற்கு முன்னிகழ்ச்சி ஒன்றுண்டு. கேர் ஆணையத்தின் அறிக்கையைக் கோவிந்த வல்லப பந்த் தலைமையிலான நாடாளுமன்றக் குழு ஆராய்ந்தபின், 1959 ஆகஸ்டில் பிரதமர் நேரு மக்களவையில் ஓர் உறுதிமொழி அளித்தார். மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் மாற்று மொழியாக நீடிக்கும். அதை முடிவு செய்வதை இந்தி பேசும் மக்களிடம் விடாமல் இந்தி பேசாத மக்களிடமே விடுவதாக அவர் கூறினார். இவ்வுறுதிமொழியைச் சட்டமாக்குவதாகக் கூறியே 1963இல் ஆட்சிமொழிகள் சட்டம் கொண்டுவரப்பட்டது. அதன் மூன்றாம் பிரிவு, குறித்த நாளிலிருந்து இந்தியுடன் ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்றது. ஆங்கில வாசகத்தில் இருந்த துணைவினை 'மே'.

'ஷல்' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'மே' என்று இருப்பது ஏன் என்னும் வினாவை அன்று மாநிலங்களவை உறுப்பினராக இருந்த சி. என். அண்ணாதுரையும் பிறரும் எழுப்பினர். பயன்படுத்தப்படலாம் என்பதில் பயன்படுத்தப்படாமலும் இருக்கலாம் என்பது அடங்கும் என்பது அவர்கள் வாதம். இச்சூழலில் 'மே' என்பதற்கு 'ஷல்' என்பதே பொருள் என்றார் நேரு. இவ்விடை சட்ட மரபுக்கு முற்றிலும் புறம்பானதன்று. கடமையோடு இணைந்த அதிகாரத்தைக் குறிக்கும்போது 'மே' என்பது கட்டாயத்தை உணர்த்தக்கூடும் என்பதை ஆங்கிலேய நீதிமன்றங்கள் 1880ஆம் ஆண்டின் ஜூலியஸ் வழக்கிலிருந்தே விவாதித்து வந்துள்ளன. எனினும் பொருள் ஒன்றே என்றால் சொல்லை மாற்றுவதில் தடையென்ன என்னும் எதிர்வினாவுக்கு அவ்விடை உதவவில்லை.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். ஆங்கிலத் துணைவினைக்குத் தமிழில் நேராக நிற்பது '-லாம்' ஈறு. 'நீ போகலாம்' என்பதில் அது அனுமதி. 'மழை பெய்யலாம்' என்பதில் சாத்தியம். 'நாம் போகலாம்' என்பதில் அழைப்பு. உடன்பாட்டில் ஒன்றுபோல் நிற்கும் இவை எதிர்மறையில் பிரிந்துவிடுகின்றன. அனுமதியின் எதிர்மறை 'போகக் கூடாது' என்னும் விலக்கு. சாத்தியத்தின் எதிர்மறை 'பெய்யாமல் இருக்கலாம்' என்னும் ஐயம். அரசுத் தரப்பு 1963ஆம் ஆண்டு வாசகத்தை அனுமதியாக வாசித்தது: 1965க்குப்பின் ஆங்கிலத்துக்கு இருந்திருக்கக்கூடிய விலக்கு நீங்கியது என்பதே அதற்குப் போதுமானது. எதிர்த்தரப்பு அதைச் சாத்தியமாக வாசித்தது: ஆங்கிலம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இரண்டுமே இலக்கணத்துக்கு இயைந்த வாசிப்புகள். நேருவை ஏமாற்றுக்காரராகவோ, அண்ணாதுரையைச் சொல்லைப் பிடித்துத் தொங்குபவராகவோ காட்டும் எழுத்துகள் இரு தரப்பிலும் உண்டு. அவை இலக்கணத்தை நோக்காமல் எழுதப்பட்டவை.

ஆனால் இப்பூசலில் இரு தரப்பாரும் அதிகம் பேசாத ஒரு கூறே முடிச்சின் மையம் எனத் தோன்றுகிறது. அது துணைவினை அன்று; செயப்பாட்டுவினை. 'பயன்படுத்தப்படலாம்' என்பதில் பயன்படுத்துவோர் யார்? தொடர வேண்டுமா கூடாதா என முடிவு செய்வோர் யார்? 1959ஆம் ஆண்டு உறுதிமொழியில் அவ்வெழுவாய் வெளிப்படையாக இருந்தது: இந்தி பேசாத மக்கள். 1963ஆம் ஆண்டு வாசகத்தில் அது மறைந்துவிட்டது. 'மே' என்பதை 'ஷல்' என மாற்றியிருந்தாலும் எழுவாய் திரும்பியிராது. பெரும்பான்மை பெற்ற எந்த நாடாளுமன்றமும் ஒரு சொல்லை மீண்டும் திருத்தியிருக்க முடியும். உறுதிமொழியில் எழுவாய் இருந்தது, சட்டவலிமை இல்லை. சட்டத்தில் வலிமை இருந்தது, எழுவாய் இல்லை. உறுதிமொழி என்பது கூறியவரோடு கட்டுண்ட பேச்சுச்செயல். 1964 மே மாதத்தில் நேரு மறைந்தபின் எஞ்சியது வாசகம் மட்டுமே.

1965 ஜனவரி 26 அன்று மூன்றாம் பிரிவு நடைமுறைக்கு வந்தது. அதையொட்டித் தமிழகத்தில் நிகழ்ந்த கிளர்ச்சியும் உயிரிழப்புகளும், பிப்ரவரியில் நடுவண் அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பதவி விலக முன்வந்ததும், பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி வானொலியில் நேருவின் உறுதிமொழியை மீண்டும் எடுத்துரைத்ததும் பலரும் அறிந்தவை. இங்கு விரிக்க வேண்டுவதில்லை. கவனிக்க வேண்டியது 1967ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம். இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களுடன் ஒன்றியம் நடத்தும் தொடர்புகளுக்கு ஆங்கிலம் பயன்படுத்தப்பட வேண்டும் என 'ஷல்' என்னும் சொல்லையே அச்சட்டம் கையாண்டது. அதனினும் சிறப்பாக, மூன்றாம் பிரிவில் ஐந்தாம் உட்பிரிவு ஒன்றைச் சேர்த்தது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும் ஆங்கிலத்தைக் கைவிடத் தீர்மானம் நிறைவேற்றி, அவற்றை ஆராய்ந்து நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் தனித்தனியே தீர்மானம் நிறைவேற்றும்வரை, ஆங்கிலப் பயன்பாடு தொடரும் என்பது அதன் சாரம். மறைந்த எழுவாய் மீண்டது. 1976ஆம் ஆண்டு ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் என வரையறுக்கப்பட்டதும் இதே வழியில் அமைந்தது.

இவ்வைந்தாம் உட்பிரிவு எவருடைய உலகநோக்கையும் மாற்றவில்லை. மொழியை நாட்டின் அடையாளமாகக் கண்டவர் அவ்வாறே கண்டார். நிபந்தனையாகக் கண்டவரும் அவ்வாறே. எந்த மொழி என்னும் வினாவை விட்டு, யார் முடிவு செய்வது என்னும் வினாவுக்கு அது விடை தந்தது. உலகநோக்கு வேறுபடின் இணக்கம் அரிது என்னும் கொள்கை பூசலின் வெப்பத்தை விளக்குகிறது. பூசல் எங்கே தணிந்தது என்பதை விளக்கத் தவறுகிறது. தணிந்த இடம் மனத்தில் இல்லை, வாக்கிய அமைப்பில் இருக்கிறது. 1968 ஜனவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் மும்மொழித் திட்டத்தை விலக்கி இருமொழிக் கொள்கையை ஏற்றது. கல்வித்துறையில் இவ்வாறு எழுவாயைத் தெளிவாக்கிய நடுவண் சட்டம் ஏதும் ஏற்படாமையால் அத்துறைப் பூசல் இன்றுவரை தொடர்வதையும் இத்துடன் ஒப்பிட்டு நோக்கலாம்.

மொழிபெயர்ப்பாளர் நிலை

இணக்க வாசகங்களை மொழிபெயர்ப்போர்க்கு இதனால் எழும் இடர் தனித்தன்மையுடையது. பொதுவாக மூலத்தின் பொருள்மயக்கத்தை நீக்கித் தெளிவாக்குவது நல்ல மொழிபெயர்ப்பின் இலக்கணமாகக் கருதப்படுகிறது. இணக்க வாசகத்தில் மயக்கத்தை நீக்குபவர், அறிந்தோ அறியாமலோ, ஒரு தரப்புக்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்.

ஆங்கில மூலம் 'அபிஷியல் லாங்வேஜ்' என்றது. நாட்டுமொழி என்று சொல்லாமல் விட்டது எளிதில் கைகூடியதன்று, உடன்பாட்டின் விலைகளுள் ஒன்று. அலுவலகத்தில் பயன்படும் மொழி என்னும் அளவில் நின்ற அச்சொல் இந்தி வாசகத்தில் 'ராஜபாஷா' ஆயிற்று. தமிழில் 'ஆட்சிமொழி' என வழங்கிற்று. ராஜ் என்பதிலும் ஆட்சி என்பதிலும் ஆளுதல் பொருள் உண்டு. 'அலுவல்மொழி' என்னும் மற்றொரு தமிழ்ச்சொல் மூலத்துக்கு நெருக்கமானதாயினும் மேடைகளில் அது எடுபடவில்லை. இந்தி ஆட்சிமொழி என்று படித்த தமிழர் இந்தியின் ஆட்சி என்று கேட்டதில் வியப்பில்லை. அவர் மொழி அவ்வாறுதான் அவருக்குச் சொல்லிற்று. இதற்கிடையில், அரசியலமைப்புச் சட்டத்தில் எங்கும் இல்லாத 'ராஷ்ட்ரபாஷா' என்னும் சொல் பேச்சு வழக்கில் நிலைத்துவிட்டது. சென்னையில் இருந்து இயங்கும் தட்சிண பாரத இந்திப் பிரசார சபையின் தேர்வுகளுள் ஒன்றின் பெயரே அதுதான். தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்களின் அலமாரிகளில் அப்பெயர் பொறித்த சான்றிதழ் இருக்கும்.

உறுப்பு 351 இன்னும் நுட்பமானது. இந்தி வளர வேண்டிய முறையைக் கூறுகையில், அதன் இயல்பு குலையாமல் இந்துஸ்தானியின் வடிவங்களையும் எட்டாம் அட்டவணை மொழிகளின் வடிவங்களையும் ஏற்க வேண்டும் என்றும், சொற்களுக்கு முதன்மையாகச் சமஸ்கிருதத்தையும் அடுத்த நிலையில் பிற மொழிகளையும் நாட வேண்டும் என்றும் அது கூறுகிறது. தோற்ற தரப்பின் மொழிப்பெயர் இவ்வாறு ஓர் உறுப்பில் தங்கியது. 'முதன்மையாக' என்னும் வினையடை மட்டும் நடைமுறையில் வென்றது. இரகுவீரர் போன்றோரின் கலைச்சொல்லாக்கம் அதற்குச் சான்று. அதற்குமுன் நிற்கும் 'தேவையான அல்லது விரும்பத்தக்க இடங்களில்' என்னும் வரையறையைக் கலைச்சொல்லாக்கத்தார் பலர் வாசித்ததாகத் தெரியவில்லை. தேவையா என்பதை முடிவு செய்வோர் யார் என்பதற்கு இங்கும் எழுவாய் இல்லை.

உறுப்பு 394ஏ 1987இல் சேர்க்கப்பட்டபின் இந்தி வாசகம் வெறும் மொழிபெயர்ப்பு என்னும் நிலையிலிருந்து உயர்ந்து அதிகாரம் பெற்றது. அதிலும் எண்வடிவத் தொடர் 1949இல் அமைந்தவாறே, இந்திய எண்களின் சர்வதேச வடிவம் என்றே நிற்கிறது. 2016 நவம்பரில் வெளியான 2000 ரூபாய்த் தாளில் தேவநாகரி எண்களும் அச்சிடப்பட்டபோது, அது இத்தொடருக்கு மாறானது என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குத் தொடரப்பட்டது. அறுபத்தேழு ஆண்டுகளுக்குமுன் எழுதப்பட்ட ஒரு பெயர்த்தொடரில் எது நிலைமொழி, எது அடை என்னும் வினா, பணத்தாளின் மேல் மீண்டும் எழுந்தது.